நடுகல் இல்லாத வீரன்: மும்பைத் தமிழரிடையே நாட்டார் தலைவன் உருவாக்கம்

முன்னுரை

சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாகவும் மக்கள் நினைவில் காவலனாகவும் ஒருவரே விளங்குவது நாட்டார் வழக்காற்றில் புதிதன்று. தமிழ்க் கதைப்பாடல்கள் பலவற்றின் தலைவர்கள் அரசால் கழுவேற்றப்பட்டவர்கள், தூக்கிலிடப்பட்டவர்கள் அல்லது மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவர்கள். அவர்கள் பின்னர்ப் பாடலுக்கும் படையலுக்கும் உரியவர்களாயினர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தமிழ் நிலத்திற்கு வெளியே, பம்பாய் நகரின் தாராவி, மாதுங்காப் பகுதிகளில் இதனையொத்த உருவாக்கம் ஒன்று நிகழ்ந்தது. வரதராசன் முதலியார் (1926–1988) என்னும் மனிதர், 'வரதா பாய்' என்னும் பெயருடன் வாழ்நாளிலேயே கதையானார். அவர் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு வெளிவந்த 'நாயகன்' (1987) திரைப்படம் அக்கதையைத் தமிழுலகம் முழுமைக்கும் கொண்டு சென்றது.

இவ்வுருவாக்கத்தை மரபான கதைப்பாடல் வீரனின் தொடர்ச்சியாகக் கொள்ளலாமா, கொண்டால் அத்தொடர்ச்சியில் எது மறைக்கப்பட்டது என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒருவரை நல்லவர், கெட்டவர் எனத் தீர்ப்பளிப்பது இதன் நோக்கமன்று. வீரனை ஆக்கியவர் யார், யாருடைய தேவைக்காக ஆக்கினர் என்பதே ஆய்வுப் பொருளாகும்.

கதைப்பாடல் வீரனின் இலக்கணம்

தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என இறந்துபட்ட வீரனுக்குச் செய்யும் சிறப்பினை வகுத்துரைக்கிறது. இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆநிரை கவர்தலாகிய வெட்சியும் மீட்டலாகிய கரந்தையும் ஆகிய இரு வினையிலும் பட்டவர்க்குக் கல் நடப்பெற்றது. செங்கம் பகுதி நடுகற்கள் இதற்குச் சான்றாகின்றன. கவர்ந்தவன், மீட்டவன் என்னும் வேறுபாட்டைக் காட்டிலும், தன் குழுவின் பொருட்டு உயிர் ஈந்தமையே சிறப்புக்குரிய தகுதியாயிற்று. எனவே, சட்ட மீறல் நாட்டார் வீரனாவதற்குத் தடையன்று. குழுவுக்குப் பயன்படாமையே தடை.

பிற்காலக் கதைப்பாடல்கள் இவ்வடிப்படையின்மீது சில கூறுகளைச் சேர்த்தன. தொடக்கத்தில் வீரனுக்கு ஓர் அநீதி இழைக்கப்படுகிறது. அவன் ஊரை விட்டு நீங்குகிறான். வலியோரை எதிர்த்து எளியோர்க்கு உதவுகிறான். உடனிருந்தோரின் துரோகத்தால் அல்லது சூழ்ச்சியால் வீழ்கிறான். இறந்தபின் வழிபடப்படுகிறான் அல்லது பாடப்படுகிறான். 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு, 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன் ஆகியோரின் கதைகளில் இக்கூறுகள் பல வெளிப்படுகின்றன. நா. வானமாமலை 1970-களின் தொடக்கத்தில் பதிப்பித்த கதைப்பாடல்கள் இத்தகைய ஒப்பீட்டுக்கு வழிவகுத்தன.

நெல்லைச் சீமையின் ஜம்புலிங்கம் இவ்வரிசையில் காலத்தால் அண்மையவர். 1920-களில் காவல்துறையால் கொல்லப்பட்ட அவரைப் பற்றி நாட்டுப்பாடல்கள் வழங்கின. டோனாவூரில் பணிபுரிந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1927-இல் அவரைப் பற்றி ஆங்கில நூலொன்றே எழுதினார். துன்புறுத்தப்பட்டதால் கொள்ளையனான நல்லவர் என்பது அந்நூலின் நோக்கு. பாடலும் சமயப் பணியாளரின் நூலும் வேறுவேறு நோக்கமுடையன. எனினும் இரண்டும் தொடக்க அநீதியை வற்புறுத்துகின்றன. தாராவிக்குப் புலம்பெயர்ந்த தமிழருள் பெரும்பகுதியினர் இதே நெல்லைச் சீமையினர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. அரசை எதிர்த்த கள்ளனைக் காவலனாகக் காணும் மரபு அவர்கள் உடன் கொண்டு சென்ற மரபேயாகும்.

கோட்பாட்டு எல்லை

'சமூகக் கொள்ளையர்' என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்த ஆங்கில வரலாற்றறிஞர் எரிக் ஹாப்ஸ்பாம், அதனை உழவர் சமூகத்திற்குரியதாகவே வரையறுத்தார். நிலக்கிழாரும் அரசும் குற்றவாளி எனக் கருத, உழவர் வீரன் எனக் கருதுவதே அவ்வகையின் அடையாளம் என்றார். நகரக் குற்றக் கும்பல்களை அவர் இவ்வகைக்குள் அடக்கவில்லை. 1972-இல் அந்தோன் பிளாக் இதனை மறுத்து, கொள்ளையர் பலர் வலியோரின் ஆதரவில் இயங்கி எளியோரை ஒடுக்கவே பயன்பட்டனர் என்று காட்டினார். மக்கள் நம்பிய கதைக்கும் நிகழ்ந்த வாழ்வுக்கும் இடைவெளி இருப்பதை ஹாப்ஸ்பாமும் ஒப்புக்கொண்டார். எனினும் அக்கதையே மக்களின் விருப்பத்தைக் காட்டும் சான்று என்பது அவர் கருத்து.

பம்பாய்த் தமிழர் வழக்கிற்கு இவ்விரு கருத்துகளும் தேவைப்படுகின்றன. ஒன்று மட்டும் கொள்ளின், ஆய்வு புகழ்ச்சியாகவோ காவல்துறைக் குறிப்பேடாகவோ முடிந்துவிடும்.

தாராவியும் மாதுங்காவும்

பம்பாய்த் தமிழர் ஒரே சமூகத்தினர் அல்லர். மாதுங்கா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளையின் திட்டப்படி அமைந்த குடியிருப்பு. எழுத்தர், கணக்கர், ஆசிரியர் எனப் பணிக்கு வந்த தென்னிந்தியர் அங்குக் குடியேறினர். 1932-இல் தொடங்கப்பெற்ற தென்னிந்தியக் கல்விச் சங்கம் அவர்களின் நிலைபேற்றுக்கு அடையாளம். பின்னர்ச் செம்பூரும் இத்தகைய நடுத்தர வர்க்கத் தமிழரின் இருப்பிடமாயிற்று. செட்டா நகர் முருகன் கோயிலும் இசை, நடன அரங்குகளும் அங்குத் தமிழ் வாழ்வின் மையங்களாயின.

தாராவி வேறு. கோலி மீனவரின் சிற்றூராயிருந்த அச்சதுப்பு நிலத்திற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் தமிழரைக் கொணர்ந்தது. அவருள் தமிழ் முஸ்லிம்களும், நெல்லைப் பகுதி ஆதிதிராவிடரும், நாடார் முதலிய பிறரும் இருந்தனர். ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்பில் பல இலட்சம் மக்கள் வாழும் நெருக்கம் பின்னர் உருவாயிற்று. குடிசைக்குப் பட்டா இல்லை; பட்டா இன்மையால் குழாய் இல்லை; முகவரி இன்மையால் குடும்ப அட்டை பெறுதல் அரிது; அட்டை இன்மையால் வாழ்ந்தமைக்குச் சான்றே இல்லை. இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இடையாள் ஒருவன் தேவைப்பட்டான்.

1966-இல் சிவசேனை தோன்றியபோது, அதன் தொடக்ககால எதிர்ப்பு அலுவலகப் பணிகளில் இருந்த தென்னிந்தியரை நோக்கியது. மாதுங்காவின் எழுத்தர் அவ்வெதிர்ப்பின் முதல் இலக்கு. ஆனால் 'தமிழரைக் காத்த தலைவன்' என்னும் கதையின் களமோ தாராவி. அச்சம் ஓரிடத்திலும் ஆட்சி மற்றோரிடத்திலும் இருந்தன. இவ்விரண்டையும் ஒரே தமிழ் அடையாளத்தால் இணைத்தமையே வரதராசன் கதையின் முதல் வெற்றி எனலாம்.

வாழ்வும் கதையும்

வரதராசனின் வாழ்வு பற்றிப் பரவலாக அறியப்பட்டவை சில. அவர் விக்டோரியா முனைய நிலையத்தில் சுமைதூக்கும் போர்ட்டராக வாழ்வைத் தொடங்கினார். கள்ளச்சாராயம் அவருடைய முதன்மைத் தொழிலாயிற்று. 1949-ஆம் ஆண்டுப் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் விலையுயர்ந்த மதுவைக் குடிப்போர்க்கு நாளடைவில் உரிமச் சீட்டு என்னும் வாயிலைத் திறந்தது. எளியோர்க்கு எஞ்சியது சேரிகளில் காய்ச்சப்பட்ட சாராயமே. தாராவி, ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடாப் பகுதிகள் இவ்வணிகத்தின் களங்கள். துறைமுகச் சரக்குத் திருட்டு, கடத்தல் ஆகியவற்றிலும் அவர் பெயர் அடிபட்டது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தைச் சேர்ந்த ஹாஜி மஸ்தானும், பட்டாணியரான கரீம் லாலாவும் அவருடன் சேர்த்துப் பேசப்பட்டனர். 1968-ஆம் ஆண்டுத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் போன்றவை நடப்பிலிருந்த அக்காலத்தில், கடல்வழி வந்த தங்கம் பெருஞ்செல்வத்தைத் தந்தது. சட்டத்தின் இறுக்கமே கடத்தலின் ஊதியமாயிற்று.

இவற்றோடு கொடையின் கதைகளும் வழங்கின. நிலையத்தின் அருகிலிருந்த பிஸ்மில்லா ஷா பாபா தர்காவில் ஏழையர்க்கு உணவளித்தார் என்பது அவற்றுள் ஒன்று. வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பளித்தார், வேலை வாங்கித் தந்தார் என்பன பிற. தண்ணீரும் அட்டையும் நீதியும் அரசிடமிருந்து கிடைக்காத இடத்தில், அவற்றைத் தருபவன் தலைவனாதல் இயல்பு. ஆயினும் கொடுத்த கையே வாங்கிய கையும் ஆகும் என்பதைக் கதை கூறுவதில்லை. சாராயத்தின் வருவாய் தாராவி போன்ற இடங்களின் கூலியிலிருந்தே வந்தது. கூலியை இழந்த குடும்பத்துப் பெண், கொடை பெற்ற வரிசையிலும் நின்றிருக்கக்கூடும். கள்ளச்சாராயம் என்பது பணத்தை மட்டும் கொள்வதன்று. 2015 ஜூன் மாதத்தில், மும்பை மாலாட் மால்வணிப் பகுதியில் நச்சுச் சாராயத்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அத்தொழிலின் இயல்பு எத்தகையது என்பதற்கு அது பிற்காலச் சான்று.

பந்தல் என்னும் மேடை

மாதுங்கா இரயில் நிலையத்தின் வெளியே ஆண்டுதோறும் வரதராசன் அமைத்த விநாயக சதுர்த்திப் பந்தல் நகரெங்கும் பேசப்பட்டது. அவர் தேர்ந்தெடுத்த தெய்வமும் விழாவும் நோக்கத்தக்கன. நெல்லையின் சுடலைமாடன் கொடையோ பங்குனி உத்திரமோ அன்று. 1890-களில் திலகர் பொதுவிழாவாக வளர்த்தெடுத்த மராட்டியத்தின் பெருவிழாவையே அவர் மேற்கொண்டார். வந்தேறி எனப்பட்டவர், அந்நகரின் சொந்தப் பொதுமொழியில் தம் இருப்பை அறிவித்தார். தாராவியிலன்றி மாதுங்காவில் அமைத்தமையும் பொருளற்றதன்று. சேரியின் செல்வாக்கு, நடுத்தர வர்க்கத்தின் வாயிலில் ஏற்பிசைவு தேடிய இடம் அது.

மரபான வீரனுக்குச் சிறப்புச் செய்வோர் பிறர்; அதுவும் இறந்த பின்னர். இங்கு வீரனே தனக்குரிய விழாவைத் தன் வாழ்நாளில், தன் செலவில் நடத்துகிறான். கதைப்பாடலின் வரிசைமுறை தலைகீழாயிற்று. 1980-களின் நடுப்பகுதியில் காவல்துறைத் துணை ஆணையர் ஒய்.சி. பவார் மேற்கொண்ட நடவடிக்கைகளால் பந்தல் சுருங்கியது. வரதராசன் சென்னைக்கு நீங்கினார். 1988 ஜனவரியில் மாரடைப்பால் அங்கு இறந்தார். அவர் உடலை ஹாஜி மஸ்தான் தனி விமானத்தில் பம்பாய்க்குக் கொணரச் செய்தார் என்பது பரவலாக எழுதப்பட்ட செய்தி. மதுரைவீரனுக்கு மீனாட்சியம்மன் கோயிற் கீழைக் கோபுரத்தருகே அமைந்தது போன்ற இடம் வரதராசனுக்கு அமையவில்லை. அவருக்கு நடுகல்லானது திரைப்படமே.

திரை செய்த திருத்தங்கள்

மணிரத்னம் இயக்கத்தில் 1987 அக்டோபரில் வெளிவந்த 'நாயகன்' ஒரு புனைவு. கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது உள்ளிட்ட மூன்று தேசிய விருதுகளைப் பெற்ற அப்படத்தின் கலைத்திறன் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. அதன் தாராவி பெரும்பாலும் சென்னையில் தோட்டா தரணி அமைத்த தாராவி என்பதும் அறிந்ததே. இங்கு வினா, வாழ்விலிருந்து எவ்வெவ்விடங்களில் படம் விலகியது என்பதாகும். அவ்விலகல்கள் தற்செயலானவை அல்ல. கதைப்பாடல் இலக்கணம் கேட்ட இடங்களிலேயே அவை நிகழ்ந்தன.

முதலாவது, தொடக்க அநீதி. பிழைப்புத் தேடி வந்த போர்ட்டரின் இடத்தில், தொழிற்சங்கத் தலைவரின் மகனைப் படம் நிறுத்துகிறது. தந்தையைக் காவலர் கொல்ல, சிறுவன் பழிவாங்கி ஊர் நீங்குகிறான். இதனால் பின்வரும் குற்றங்கள் அனைத்தும் ஒரு முதற்குற்றத்தின் எதிரொலியாகின்றன, அம்முதற்குற்றம் அரசினுடையது.

இரண்டாவது, தொழில். கள்ளச்சாராயம் பின்தள்ளப்பட்டுக் கடல்வழிக் கடத்தல் முன்வைக்கப்படுகிறது. கடத்தலால் இழப்புறுவது முகமற்ற அரசுக் கருவூலம். சாராயத்தால் இழப்புறுவது அடுத்த குடிசை. இம்மாற்றத்தால் வீரனின் வருவாய்க்கும் மக்களின் வறுமைக்கும் இடையிலிருந்த தொடர்பு அறுக்கப்பட்டது. படத்தின் விலகல்களுள் இதுவே மிகப் பெரியது. மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் இதுவே.

மூன்றாவது, இறப்பு. மாரடைப்பு கதைப்பாடலுக்கு உதவாத முடிவு. படத்தில், தான் கொன்ற காவல் அதிகாரியின் மகனைத் தானே பேணி வளர்த்த வேலு நாயக்கர், உண்மையறிந்த அம்மகன் கையாலேயே மாள்கிறார். துரோகத்தால் வீழும் வீரனின் மரபு இங்குச் செம்மையான மாற்றம் பெறுகிறது. கொன்றவன் துரோகி அல்லன், நியாயம் உடையவன். கதைப்பாடல்கள் அரிதாகவே தரும் ஈவு இது. தந்தையின் வழியை ஏற்காது பிரியும் மகளும், நல்லவரா கெட்டவரா என வினவும் பேரனும், விடையறியாத முதியவரும் வீரனைப் பாடும் மரபுக்குள் ஐயத்தைக் கொணர்ந்தனர். படம் வெறும் புகழ்மாலை என்னும் குற்றச்சாட்டு இதனால் நிலைபெறாது.

நான்காவது, பெயர். 'முதலியார்', 'நாயக்கர்' ஆயினார். சாதிப் பட்டம் மாறியது, பட்டமுடைமை மாறவில்லை. தாராவித் தமிழருள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினராயிருக்க, அவர்தம் காவலன் வாழ்விலும் திரையிலும் உயர்பட்டம் தாங்கியவனாகவே அமைகிறான். இதுவும் பழைய மரபே. அருந்ததியர் வளர்த்த மதுரைவீரன் காசியரசன் மகனாக்கப்பட்டான். முத்துப்பட்டன் மணந்த சக்கிலியப் பெண்கள் பிறப்பால் பார்ப்பனப் பெண்களே எனச் சில வடிவங்கள் திருத்தின. கலகத்தை ஏற்பதற்குக் குலத்தை உயர்த்துதல் கதைப்பாடல் கேட்கும் விலை. அவ்விலையைத் திரையும் செலுத்தியது.

கொடையிலிருந்து உரிமைக்கு

2018 ஜூனில் வெளிவந்த பா. ரஞ்சித்தின் 'காலா' இவ்விலையைக் கொடுக்க மறுத்த ஆக்கம். அதன் தலைவன் கரிகாலன் நெல்லையிலிருந்து வந்தவன். சாதிப் பட்டம் அற்றவன். எதிரியாக நிற்பது மனைவணிகமும் அதனோடு கைகோத்த அரசியலும். பொருள் நிலம். 'நாயகன்' படத்திலும் குடிசை இடிப்பு உண்டு. ஆனால் அங்கு வேலு நாயக்கர் செல்வந்தரின் வீட்டை நொறுக்கிக் கணக்குத் தீர்க்கிறார். 'காலா' மக்களின் வேலைநிறுத்தத்தைத் தீர்வாக முன்வைக்கிறது. துப்புரவு முதலாக நகரை இயக்கும் உழைப்பை நிறுத்தினால் நகரம் நிற்கும் என்னும் அறிவு, கொடை பெறும் கூட்டத்தை உரிமை கோரும் கூட்டமாக மாற்றுகிறது. வீரன் இறந்தானா என்பதும் முடிவில் தெளிவாக்கப்படவில்லை. அவன் முகம் கூட்டத்தில் பலரிடம் காணப்படுகிறது. இறவா வீரன் என்னும் நாட்டார் நம்பிக்கை இங்கு அரசியற் பொருள் பெறுகிறது.

எனினும் ஒரு குறை இங்கும் எஞ்சுகிறது. பலர் வீரராதல் என்னும் கருத்தைக் கூறவும் ஒரே பெருநடிகரின் உருவம் தேவைப்பட்டது. திரையின் வணிகம் தனிவீரனைக் கைவிட இயலாதது. கூட்டத்தைப் பாட விழைந்த பாடலும் தலைவனின் பெயராலேயே தலைப்புப் பெற்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு. வரதராசன் கதை தமிழ்க் கதைப்பாடல் மரபின் சட்டகத்தைப் பெற்றுள்ளது. ஆனால் அதனை நிரப்பியவர் பெரிதும் வெளியிலிருந்தோர். தலைவனே நடத்திய விழாவும், செய்தித்தாளும், சென்னைத் திரையரங்கும் அவ்வுருவத்தை ஆக்கின. மரபான கதைப்பாடலில் பாடுவோரும் கேட்போரும் வீரனின் அண்டையர்; அவர்கள் அறியாத கொடையையோ கொடுமையையோ பாடகன் எளிதில் சேர்த்துவிட இயலாது. திரைவீரனுக்கு அத்தகைய அண்டை வீட்டார் இல்லை. இதனால் சாராயத்தால் இழந்தோரின் குரல் கதைக்குள் வரவேயில்லை.

நாட்டார் வீரன் மீது ஏற்றப்படும் புகழ் ஒவ்வொன்றும் ஒரு குறையின் பெயராகும். அவன் தண்ணீர் தந்தான் என்னும் இடத்தில் மாநகராட்சி தரவில்லை என்பதும், நீதி வழங்கினான் என்னும் இடத்தில் நீதிமன்றம் எட்டவில்லை என்பதும் அடங்கும். ஆதலின், இக்கதைகளை மனிதரின் வரலாறாகப் படிப்பதைவிட, மறுக்கப்பட்டவற்றின் பட்டியலாகப் படித்தலே ஆய்வுக்குப் பயன் தரும்.

இதற்கு வேண்டிய மூலங்கள் அழியும் நிலையில் உள்ளன. 2022-இல் தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளி முடிவாயிற்று. 2023-இல் மராட்டிய அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. யார் அங்கேயே தங்குவர், யார் வேறிடம் செல்வர் என்பது பழையபடி வாழ்ந்தமைக்கான சான்றைப் பொறுத்ததாகவே உள்ளது. குடியிருப்புகள் கலையுமுன், 1960-கள் முதல் 1980-கள் வரையிலான காலத்தை அறிந்த முதியோரிடம், சிறப்பாகப் பெண்களிடம், வாய்மொழி வழக்காறுகளைத் திரட்டுதல் வேண்டும். வரிசையில் நின்று கொடை பெற்றவர் கூறுவதும், கணவனின் கூலியைச் சாராயத்திற்கு இழந்தவர் கூறுவதும் அருகருகே பதிவாக வேண்டும். அவ்விரு கூற்றுகளும் கிடைக்கும்போதுதான் இவ்வீரனின் கதை அவன் அண்டையரின் கதையாக முழுமை பெறும்.